கழற்றியதும் திரும்ப வைத்ததும்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் பிரிவில் பிரமிளா டெக்னீஷியன். பலகையில் எதையாவது கழற்றினாலும் மாற்றினாலும், ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் அதை அடுத்த மேசைக்குத் தள்ளமாட்டாள். அப்படித் தள்ளியவர்களிடம் வாய்ச்சண்டை போட்டிருக்கிறாள். சோதிக்காமல் அனுப்பிய பலகை எங்கே போய் யார் தலையில் விழும் என்று நமக்குத் தெரியாது என்பாள்.

வீடு ஜார்ஜ்டவுனில், டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய அடுக்குமாடியில். கணவர் புவனேஸ்வரன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஓய்வு கிடைக்கும்போது மற்ற பெண்கள் தைப்பார்கள், நாடகம் பார்ப்பார்கள். பிரமிளா பழைய போன்களைப் பிரித்துக்கொண்டிருப்பாள். சமையல்கட்டு மேசையில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் திருப்புளி கிடக்கும்.

புதுப் போன் வாங்கினால் அதோடு கூடவே பத்திருபது செயலிகள் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும், நாம் கேட்காமலே. விளையாட்டு, கடை, செய்தி, விளம்பரம். அவற்றை நீக்கப் போனால் நீக்க விடாது. போனை ரூட் செய்துவிட்டால் அந்தப் பூட்டு திறந்துகொள்ளும். வேரோடு பிடுங்கிப் போட்டுவிடலாம். பிரமிளா இதை இணையத்தில் படித்துப் படித்தே கற்றாள். கற்கும்போது தன் பழைய போன் ஒன்றைப் பலிகொடுத்தாள். தெரியாமல் எதையோ நீக்கிவிட்டதில், அது நிறுவனத்தின் சின்னத்தைக் காட்டி அணைந்து, மறுபடி காட்டி அணைந்து, கண்ணாடியில் முட்டும் வண்டுபோலத் தவித்து, கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு முறையை வைத்துக்கொண்டாள். முதலில் எல்லாவற்றையும் கணினியில் நகலெடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு செயலியும் என்ன செய்கிறது, அதை நம்பி வேறெது நிற்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். உடனே நீக்கக் கூடாது. உறைய வைக்க வேண்டும். உறைந்த செயலி போனுக்குள்ளேயே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. அப்படியே கொஞ்ச நாள் போனைப் பயன்படுத்திப் பார்த்து, யாரும் அதைத் தேடவில்லை என்று உறுதியான பிறகுதான் நீக்க வேண்டும்.

நல்ல முறைதான். அதை அவள் தன் போனில் கடைப்பிடித்தாள்.

ஆனால் தொழிற்சாலைக் கேன்டீனில் பேர் பரவிவிட்டது. "பிரமிளா கை பட்டா பழைய போனும் புதுசு மாதிரி ஓடுது" என்று ஒருத்தி சொல்லப் போய், சாப்பாட்டு வேளைக்குப் போனும் கையுமாக ஆட்கள் வந்தார்கள். உறைய வைத்துக் கொடுத்து, "அப்புறம் கொண்டு வாங்க, பாத்துட்டு நீக்கிடலாம்" என்பாள். யாரும் திரும்பக் கொண்டுவருவதில்லை. வேகமாக ஓடுகிற போனை யார் மறுபடி கொண்டுவருவார்கள்? அதனால் போகப் போக உறைய வைப்பதை விட்டுவிட்டாள். நேரடியாக நீக்கினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததாலேயே அவளுக்குத் துணிச்சல் கூடிற்று. புகழ்ச்சியும் இனித்தது, அதை அவள் பிறகு தனக்குத் தானே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ரொஸ்னாவின் மேசை அவள் மேசைக்குப் பக்கத்தில். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ரொஸ்னா எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பாகான் டாலாமிலிருந்து கடற்பாலம் தாண்டி மோட்டாரில் வருவாள். சிரித்தால் கேன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அவள் மாமியார் ஆசியா பீவி செய்து அனுப்பும் தால்ச்சாவில் பாதி பிரமிளாவின் தட்டுக்குத்தான் வரும்.

ஒரு நாள் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே ரொஸ்னா போனை நீட்டினாள்.

"பிரமி, இதக் கொஞ்சம் பாரேன். ஒரு படம் எடுக்க விடமாட்டேங்குது. இடமில்ல இடமில்லனு கத்துது."

அது மஸ்தானின் அக்கா மகன் வைத்திருந்த போன். மஸ்தான் ரொஸ்னாவின் கணவன். பட்டர்வொர்த்தை ஒட்டிய பிறையில் கொள்கலன் லாரி ஓட்டுகிறவன். அந்தப் பையன் விளையாட்டுக்காக ஏற்கெனவே ரூட் செய்து வைத்திருந்தான். கதவு திறந்தே கிடந்ததால் பிரமிளாவுக்கு வேலை சுலபம்.

"எது வேணும், எது வேணாம்?"

"வாட்ஸ்அப் வேணும், படமெல்லாம் வேணும், தொழுகை நேரம் காட்டுறது வேணும். மத்தத தூக்கிப் போடு லா. எனக்கு எதுனு தெரியப் போகுது?"

பிரமிளா தன் மடிக்கணினியில் போனை இணைத்தாள். நகலெடுக்கும் பழக்கம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை, எடுத்தாள். பிறகு ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வந்தாள். நடுவில் போனின் மேற்பக்கம் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்தது: குடும்பத்துக்குக் காப்புறுதி எடுத்துவிட்டீர்களா? மஞ்சள் குடை படம் போட்ட செயலி ஒன்று அதை அனுப்பியிருந்தது. பெயரில் 'பாதுகாப்பு' என்று ஏதோ இருந்தது. அவள் விரல் ஒரு கணம் நின்றது. தேடிப் பார்க்கலாமா என்று நினைத்தாள். அதற்குள் மணி அடித்தது. பெண்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். இன்சூரன்ஸ் விற்கிற விளம்பரச் சனியன் என்று முடிவு செய்து அழுத்தினாள். குடை மறைந்தது.

"பாரு, எப்படிப் பறக்குதுனு!" என்று மறுநாள் ரொஸ்னா எல்லோரிடமும் காட்டினாள்.

மழைக்காலம் வந்தது. விடியுமுன்பே காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிய ரொஸ்னா, பிரதான சாலையில் லாரிகள் வரிசை கட்டி நின்றதால், பிறையில் தொழிற்சாலைகளுக்குப் பின்புறம் போகும் குறுக்குச் சாலையில் திரும்பினாள். வளைவில் மணலும் எண்ணெயும் மழையில் ஊறிக் கிடந்தன. மோட்டார் வழுக்கியது. சாலையோரத்து லோங்காங் ஆழமானது. வண்டியோடு அந்தச் சாக்கடைக்குள் விழுந்தாள். வண்டி அவள் வலது கால்மேல் கிடந்தது. சட்டைப் பையிலிருந்த போனை எடுக்க முடிந்தது. ஆனால் அதன் முகம் நொறுங்கிப் போயிருந்தது. தொட்டால் எதுவும் அசையவில்லை. யாரையும் அழைக்க முடியவில்லை.

தொழிற்சாலைக் காவலாளி ஒருவர் வெளிச்சம் வந்த பிறகு அந்தப் பக்கம் நடந்து வந்துதான் அவளைப் பார்த்தார்.

சேதி கேட்டு வேலை முடிந்ததும் பிரமிளா மருத்துவமனைக்கு ஓடினாள். ரொஸ்னாவின் முகம் வெளுத்துக் கிடந்தது. எலும்பு முறிவைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் பாதத்தை அவளால் மேலே தூக்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே ஓடும் நரம்பை வண்டி வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. சீக்கிரம் எடுத்திருந்தால் நரம்பு பிழைத்திருக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அந்தப் பட்டன அழுத்தினேன் பிரமி" என்றாள் ரொஸ்னா. "ஓரத்துல இருக்கே, போன ஆன் பண்ற பட்டன். அஞ்சு தடவ வேகமா அழுத்தினா இவருக்கும் மாமிக்கும் நான் இருக்குற எடம் போயிடும்னு சொல்லித் தந்திருந்தாரு. அழுத்தினேன், அழுத்தினேன், விரலு மரத்துப் போற வரைக்கும் அழுத்தினேன். மழை தண்ணி ஏறிக்கிட்டே வந்துச்சு. இவரு வந்துருவாரு, வந்துருவாருனு நெனச்சுக்கிட்டே கெடந்தேன்."

மஸ்தான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான். பெரிய உடம்புக்காரன், சின்னதாகிப் போனதுபோல் தெரிந்தான்.

"எனக்கு ஒண்ணுமே வரலம்மா" என்றான் பிரமிளாவைப் பார்த்து. "அந்த மஞ்ச குடை ஆப். நாந்தான் நம்பரெல்லாம் போட்டுக் கொடுத்தேன். ஒரு தடவ சோதிச்சும் பாத்தோம், ஒழுங்கா வந்துச்சு. ஆனா சும்மா சும்மா காப்புறுதி வாங்கு, காப்புறுதி வாங்குனு மெசேஜ் வந்துக்கிட்டிருந்துச்சு. எரிச்சல்ல ஒரு நாள் அதுல எதையோ ஆஃப் பண்ணேன். மெசேஜ மட்டும்தான் நிறுத்துறேன்னு நெனச்சேன். எல்லாத்தையும் நிறுத்திட்டேன் போல."

பிரமிளாவின் காதில் மஞ்சள் குடை என்பதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. கேன்டீன் மேசை, மணி, இழுபட்ட நாற்காலிகள். அவள் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன, முகம் ஒரு மாதிரி ஆகுது? ரத்தம் பாத்தா உனக்கு ஆகாதே, போய் உக்காரு" என்றாள் ரொஸ்னா, அந்த வலியிலும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். வந்த வார்த்தை வேறு.

"போனைக் கொடுங்கண்ணே. நான் ஸ்க்ரீன் மாத்தித் தர்றேன்."

ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெளிவில்லை. உண்மையிலேயே அந்தச் செயலியால்தானா என்று பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒருவேளை தண்ணீர் புகுந்து பட்டன் கெட்டிருக்கலாம். ஒருவேளை அந்த இடத்தில் சிக்னல் இல்லாமல் இருந்திருக்கலாம்.

கொம்தார் கடைத்தொகுதியில் புதுத் திரை வாங்கி வீட்டு மேசையில் வைத்து மாற்றினாள். போன் உயிர் பெற்றது. பட்டன் நன்றாக இருந்தது. வேகமாக ஐந்து முறை அழுத்தினாள். திரை அணைந்தது, எரிந்தது, அணைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. நடக்க அங்கே எதுவும் இல்லை.

மடிக்கணினியில் அன்று எடுத்த நகல் அப்படியே இருந்தது. இணையத்தில் தேடினாள். அன்று ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் கிடைத்திருக்கும் விளக்கம் முதல் வரியிலேயே இருந்தது: ஆபத்து அழைப்பு இந்தச் செயலியின் வழியாகத்தான் போகிறது, நீக்க வேண்டாம்.

அவள் நகலிலிருந்து அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். போன் மறுபடி எழுந்தபோது மஞ்சள் குடை, எங்கும் போகாததுபோல், தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. இனிமேல் ரொஸ்னாவுக்கு உதவும் என்று மனம் ஒரு சாக்குச் சொன்னது. இன்னொரு எண்ணமும் அதனடியில் இருந்தது. அதை அவள் பார்க்க விரும்பவில்லை.

வழக்கமாக எதையும் ஓட்டிப் பார்க்கிறவள், இதை ஓட்டிப் பார்க்கவில்லை. அழுத்தத் துணிவு வரவில்லை. இப்போது வேலை செய்தால், இது இருந்திருந்தால் அன்றும் வேலை செய்திருக்கும் என்று உறுதியாகிவிடும். போனை ஒரு துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

மறுநாள் சூப் வைத்து எடுத்துக்கொண்டு, போனையும் கொடுத்தாள். மஸ்தான் வாங்கினான். நேராக மஞ்சள் குடையைத்தான் திறந்தான். எண்கள் எல்லாம் இருந்தன. மேலே இருந்த பொத்தான் சாம்பல் நிறத்தில், அணைந்து கிடந்தது. திரும்பப் பொருத்திய செயலிக்குப் பழைய அனுமதிகள் கிடையாது. யாராவது புதிதாகத் திறந்துவிட வேண்டும். சோதித்திருந்தால் பிரமிளாவுக்கே அது தெரிந்திருக்கும்.

மஸ்தான் போனை மனைவிக்குக் காட்டினான். "பாரு ரொஸ்னா. ஆப் இருக்கு. நம்பர் சரியா இருக்கு. ஆஃப்ல இருக்கு. நான் சொன்னேன்ல? நாந்தான் ஆஃப் பண்ணிருக்கேன்."

ரொஸ்னா திரையையே பார்த்தாள். அதுவரை அவள், "அதெல்லாம் நீங்க ஒண்ணும் பண்ணிருக்க மாட்டீங்க, போன் தண்ணியில கெட்டுப் போச்சு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிரமிளா கிண்ணத்தில் சூப்பை ஊற்றினாள்.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். புவனேஸ்வரன் கெட்டவர் அல்ல. மனைவி அழுவதைப் பார்க்கச் சகிக்காதவர்.

"நீ வேணும்னு செஞ்சியா? இல்லல்ல? அவளே தூக்கிப் போடுன்னு சொன்னா. மழை, மணலு, லாரி, எத்தன இருக்கு. நீ சொன்னா கால் சரியாகிடுமா? கேஸு கீஸுனு போனா என்ன பண்றது? பேசாம இரு."

பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பதற்குத்தான் நிறைய வேலை செய்ய வேண்டியிருந்தது. ரொஸ்னா வீட்டுக்குத் திரும்பிய பிறகு, விடுமுறை நாளெல்லாம் படகேறி பட்டர்வொர்த் போனாள். துணி மடித்தாள், ரொஸ்னாவின் தலை வாரினாள், மீன் கழுவினாள். ஆசியா பீவி அவள் கன்னத்தை வழித்து, "கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா புள்ள. அல்லா உனக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான்" என்றார். பிரமிளா குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அந்த வீட்டில் ஏதோ மாறிப்போயிருந்தது. மஸ்தான் வெளியூர் ஓட்டத்தை விட்டுவிட்டான். மனைவியைக் குளியலறைக்குத் தூக்கிப் போனான், தூக்கி வந்தான். அவள் அவனை ஒரு சொல் பழிக்கவில்லை. ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் மாமியாரைக் கூப்பிட்டாள். அவன் முன்னறையில் பாய் போட்டுப் படுத்தான். ஆசியா பீவிதான் வாய்விட்டுச் சொன்னார்: "சின்ன வயசுலேர்ந்தே இவன் கை சும்மா இருக்காது. எதையாச்சும் நோண்டணும். நோண்டி நோண்டி இப்பப் பாரு." மஸ்தான் தலை குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கை சும்மா இருக்காதவள் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள்.

தொழிற்சாலையில் ரொஸ்னாவின் மேசைக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். யாராவது போனை நீட்டினால், "நான் இப்ப செய்யறதில்ல" என்று பிரமிளா எழுந்து போய்விடுவாள். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கண் வலி என்றாள்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் கதவு தட்டப்பட்டது. மஸ்தான். கையில் ஒரு பப்பாளி. அவன் அந்த வீட்டுக்குத் தனியாக வந்ததே இல்லை. உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். புவனேஸ்வரன் அறைக்குள் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, ஒரு உதவி" என்றான். "உன்னால மட்டும்தான் முடியும்."

"சொல்லுங்கண்ணே."

"ரொஸ்னா எங்கிட்டப் பேசறதில்ல. திட்டினாகூடப் பரவால்ல. பேச மாட்டேங்குறா. நான் வேணும்னு ஆஃப் பண்ணேன்னு நெனைக்கல, ஆனா அலட்சியமா இருந்துட்டேன்னு நெனைக்குறா. நீ டெக்னீஷியன். போன பத்தி நீ சொன்னா அவ நம்புவா. மெசேஜ் நிறுத்தப் போயி தெரியாம கை பட்டாகூட அது ஆஃப் ஆகலாம், எவனுக்கும் நடக்கும்னு நீ ஒரு வார்த்த சொல்லேன். எனக்காக."

பிரமிளா அவனைப் பார்த்தாள். கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. தான் செய்யாத ஒன்றுக்கு மன்னிப்பு வாங்கித் தரும்படி அதைச் செய்தவளிடமே அவன் பழத்தோடு வந்து கேட்கிறான்.

"நாளைக்கு வர்றேண்ணே" என்றாள். "நாளைக்கு வந்து சொல்றேன்."

"நன்றிம்மா, நன்றி" என்று அவன் இரண்டு கையையும் கூப்பினான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கதவை மூடிவிட்டுத் திரும்பினால், புவனேஸ்வரன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அறை வாசலில் நின்றிருந்தார்.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு பிரமி" என்றார். "நாளைக்கு நானே கொண்டுபோய் விடறேன்."

ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டிப் போனார்கள். பாகான் டாலாமில் அந்தத் தெருமுனையில் புவனேஸ்வரன் காரை நிறுத்தி, "நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

ரொஸ்னா முன்னறையில் காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் தொங்காமல் இருக்க ஒரு பட்டை கட்டியிருந்தது. மஸ்தான் ஓடிப் போய் நாற்காலி கொண்டுவந்தான். ஆசியா பீவி அடுப்படியில் ஏதோ பொரித்துக்கொண்டிருந்தார். பிரமிளா உட்காரவில்லை.

"ரொஸ்னா, அந்த ஆப்ப அண்ணன் ஆஃப் பண்ணல."

மஸ்தான் அவசரமாகத் தலையாட்டினான். "ஆமா, அதான், தெரியாம கை பட்டு..."

"கை படல. அண்ணன் பண்ணது எதாலயும் இது நடக்கல. அன்னைக்குப் போன்ல அந்த ஆப்பே கெடையாது. நான் நீக்கிட்டேன். கேன்டீன்ல நீ போன் குடுத்தல்ல, அன்னைக்கு. விளம்பரம்னு நெனச்சேன். என்னதுன்னு பாக்கல. உங்கிட்டக் கேக்கவும் இல்ல."

ரொஸ்னா நெற்றியைச் சுருக்கினாள், கணக்குப் புரியாதவள்போல.

"இப்ப இருக்கே?"

"திரும்ப வச்சேன். ஸ்க்ரீன் மாத்தின அன்னைக்கு. திரும்ப வச்சா அது ஆஃப்லதான் வரும். நான் சோதிச்சுப் பாக்கல. அதத்தான் அண்ணன் பாத்தாரு."

மஸ்தான் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான், அவளுக்காகக் கொண்டுவந்த நாற்காலியில். எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தான். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், முதுகைக் காட்டி நின்றான். சட்டையின் நுனியைக் கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

ரொஸ்னா அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியபோது குரல் உயரவில்லை.

"கழட்டினது சரி, தெரியாமப் பண்ணிட்ட. தூக்கிப் போடுனு நானும் சொன்னேன். எவ்வளவு கோவம் வருதுனு எனக்கு இப்பத் தெரியல, ஆனா நீ கழட்டினத என்னால புரிஞ்சிக்க முடியுது. திரும்ப வச்சுக் குடுத்தியே, அது எதுக்கு? இந்த மனுசன் தரையில படுத்துக் கெடந்தாரு. ஒரு கிளாஸ் தண்ணி நான் இவருகிட்டக் கேட்டதில்ல. நீ எதிர்க்க உக்காந்து எனக்குச் சூப்பு ஊத்துன. தல வாரி விட்ட. எப்படி முடிஞ்சுச்சு உனக்கு?"

பயம் என்று சொல்லலாம். அது பதிலாக இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

"தெரியல ரொஸ்னா. சொல்லணும் சொல்லணும்னு..."

"வேணாம்."

ஆசியா பீவி அடுப்பை அணைத்துவிட்டு அடுப்படிக் கதவருகில் வந்து நின்றிருந்தார். முழுவதும் கேட்டிருக்கிறார். ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். கடைசியில் பிரமிளாவிடம், "எந்திரிச்சுப் போ புள்ள" என்றார், அவள் நின்றுகொண்டிருந்தாள் என்பதைக் கவனிக்காமல். "இன்னிக்கு இங்க இருக்காத."

அவள் வாசலைத் தாண்டும்போது மஸ்தான் நகர்ந்து வழி விட்டான். திட்டவில்லை. அவன் முகத்தில் கோபத்தைவிட, வெகுநாள் சுமந்த மூட்டையை இறக்கிவைத்தவனின் களைப்புதான் இருந்தது. உள்ளே ரொஸ்னா கூப்பிடுவது கேட்டது: "என்னங்க, கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க." காருக்கு நடக்கும்போதுதான் பிரமிளாவுக்கு அழுகை வந்தது.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மற்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அதே நிறுவனத்தின் போன்களை அவள் வேறு பலருக்கும் சுத்தம் செய்திருக்கிறாள். யார் யார் என்று யோசித்து யோசித்துத் தேடிப் போனாள். ஒவ்வொருவரிடமும் ஏன் வந்தாள் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். துப்புரவு வேலை செய்யும் சலேஹா, "நல்லாத்தானே ஓடுது, எனக்கெதுக்கு அதெல்லாம்? விடு லா" என்று போனைத் தர மறுத்தாள். பிரமிளா ரொஸ்னாவின் கால் கதையை அவளிடம் தொடக்கத்திலிருந்து சொன்னாள், தன் பங்கை ஒளிக்காமல். சலேஹா போனை நீட்டினாள். இந்த முறை பிரமிளா செயலியைத் திரும்ப வைத்து, அனுமதிகளைத் திறந்து, சலேஹாவையே ஐந்து முறை அழுத்தச் சொல்லி, அவள் மகளின் போனில் சேதி வந்து விழும்வரை பக்கத்திலேயே நின்றாள். விஷயம் கேன்டீனில் பரவியது. சிலர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். அதையும் ஏற்றுக்கொண்டாள்.

பாகான் டாலாமிலிருந்து வெகுநாள் ஒரு சேதியும் இல்லை. பிறகு ஒரு மாலை ஆசியா பீவி அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை.

"மஸ்தான் மறுபடி லாரிக்குப் போறான். செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை ரொஸ்னாவ கால் பயிற்சிக்குக் கொண்டு போகணும். உங்கிட்ட காரு இருக்குல்ல?"

"இருக்கு மாமி."

"அவ உன்ன மன்னிச்சிட்டானு நெனச்சுக்காத. எனக்குக் காரு வேணும், அதான் கேக்குறேன்."

பிரமிளா ஷிஃப்டை மாற்றிக்கொண்டாள். ரொஸ்னா கைத்தடியை ஊன்றி வந்து, முன் கதவைத் தாண்டி, பின்சீட்டில் ஏறினாள். மருத்துவமனை வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். திரும்பும்போதும் அப்படியே. பல வாரங்கள் அப்படித்தான் ஓடின. பிரமிளா பாட்டுப் போடவில்லை, பேச்சுக் கொடுக்கவில்லை. பள்ளம் மேடு பார்த்து வண்டியை ஓட்டினாள். கண்ணாடியில் எப்போதாவது, பின்சீட்டில் நீட்டி வைத்த அந்தப் பட்டை கட்டிய கால் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மருத்துவமனை வாசலில் வழக்கம்போல நிறுத்தியபோது ரொஸ்னா உடனே இறங்கவில்லை.

"இன்னிக்கு டாக்டர் பாக்குறாரு" என்றாள், முன்சீட்டின் முதுகைப் பார்த்தபடி. "மோட்டார் ஓட்ட முடியுமானு கேக்கணும். அவரு இங்கிலீஷும் மலாயுமா வேகமாப் பேசிட்டுப் போயிடுறாரு, நரம்பு அது இதுனு பாதி எனக்குப் புரியல. வண்டிய நிறுத்திட்டு உள்ள வா."

பிரமிளா வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். ரொஸ்னா காத்திருக்கவில்லை; கைத்தடியோடு நடைபாதையில் போய்க்கொண்டிருந்தாள். பிரமிளா எட்டிப் பிடித்து, முந்தாமல், அவள் வேகத்துக்கே பக்கத்தில் நடந்தாள்.